மூன்றாம் வரிசையில் மிஸ்டர் மதலைமுத்து

பெங்களூர் ஜீவனஹள்ளியில் யாரிடமாவது ஓஸ்வால்ட் வீடு எது என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கூடவே, "ஆளு இருக்கறாரோ என்னமோ, பிளேன் ஏறியிருப்பாரு" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தத் தெருவில் மொத்தம் அறுபத்து நான்கு வீடுகள். வாரத்துக்கு இரண்டு முறை விமானம் ஏறுகிறவர் அவர் ஒருவர்தான். அதனால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அவருடைய வேலை டயாலிசிஸ் மிஷின் ரிப்பேர்.

சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொடுக்கும் மிஷின் அது. ஓஸ்வால்ட் வேலை பார்க்கும் அல்சூர் கம்பெனி, கோயம்புத்தூர், சென்னை, ஹைதராபாத், கொச்சி ஆகிய நான்கு ஊர்களில் முப்பத்தெட்டு ஆஸ்பத்திரிகளின் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறது. எங்கேயாவது ஒன்று மக்கர் செய்தால் ஐந்து இன்ஜினியர்களில் ஒருவர் மறுநாள் காலை முதல் விமானத்தில் கிளம்பியாக வேண்டும். ஓஸ்வால்டுக்கு வயது நாற்பத்தேழு. 2014 ஆகஸ்ட் தொடங்கி 2025 மே முடிய அவர் ஆயிரத்து நூற்று இருபத்தாறு தடவை விமானம் ஏறியிருந்தார். அதில் ஆயிரத்து எழுபத்தொன்று ஏர் சாரிகா.

இந்தக் கணக்குதான் 2025 ஜூன் 16, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலகத்தில் பேச்சாயிற்று.

இந்த ஊர்களுக்கெல்லாம் காலையில் போகிற விமானக் கம்பெனிகள் இரண்டு. ஒன்று ஏர் சாரிகா, மற்றது ஜிப்பிளை. அலுவலகத்தின் மற்ற நான்கு இன்ஜினியர்களும் ஜிப்பிளை கட்சி. ஜிப்பிளை சொன்ன நேரத்துக்குக் கிளம்பும். இறங்கும்போது முன்வாசல் பின்வாசல் இரண்டிலும் படி போடுவார்கள். ஸ்பானரும் ஸ்குரூடிரைவரும் இருக்கும் டூல் பாக்ஸைக் கையில் எடுத்துப் போக விடமாட்டார்கள் என்பதால் அதைத் தனியாகச் சரக்கில் போட்டுத்தான் ஆக வேண்டும். ஜிப்பிளையில் அந்தப் பெட்டி பத்து நிமிடத்தில் பெல்ட்டில் வந்து விழுந்துவிடும். சாரிகாவில் அரை மணி நேரமானாலும் ஆகும். சாரிகாவில் உப்புமா சும்மா கொடுப்பார்கள், கால் நீட்ட இரண்டு அங்குலம் அதிகம் இடம் உண்டு. அதற்கு மேல் சாரிகாவைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

டிராவல் டெஸ்க் சௌம்யா ஒரு தாளை மேஜையில் நகர்த்தினாள். சேலத்துப் பெண், பதினோரு வருடமாக இந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் டிக்கெட் போடுகிறவள்.

"ஓஸ்வால்ட் சார், அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் ஜிப்பிளைக்காரங்க நமக்குக் கம்பெனி ரேட் தருவாங்க. ஜூலை ஒண்ணுலேர்ந்து எல்லாரும் ஒரே ஏர்லைன். நாலு பேர் போட்டாச்சு."

"பாக்கறேன் மேடம்."

"எதைப் பாக்கப் போறீங்க? போன வருஷம் நீங்க சாரிகாவுல தொண்ணூத்தெட்டு தடவை போயிருக்கீங்க. முப்பத்தேழு தடவை அரை மணிக்கு மேல லேட்டு. ஷ்ரேயாஸ் ஜிப்பிளைல தொண்ணூத்தியொண்ணு போயிருக்கார். ஒம்போதுதான் லேட்டு."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஷ்ரேயாஸ் மல்லேஸ்வரத்துக்காரன். ஓஸ்வால்டிடம் தமிழ் கற்றுக்கொண்டு அதை ஓஸ்வால்ட் மீதே பிரயோகம் செய்கிறவன்.

"உப்பிட்டுக்கு மயங்கிட்டார் மேடம். பதினோரு வருஷமா ஒரே உப்பிட்டு."

"உப்புமா நல்லாத்தானே இருக்கு" என்றார் ஓஸ்வால்ட்.

"சார், போன வாரம் ஜிப்பிளைல எடம் இல்லாம கொச்சிக்கு நானும் உங்க பக்கத்துல சாரிகாவுலதான வந்தேன். பாதிய மூடி வச்சிட்டீங்க. நான் பாத்தேன்."

"கால் நீட்ட இடம் இருக்குடா."

"உங்க காலுக்கா?" என்று ஷ்ரேயாஸ் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். ஓஸ்வால்டின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். எல்லோரும் சிரித்தார்கள். ஓஸ்வால்டும் சிரித்தார்.

சௌம்யா மட்டும் சிரிப்பை முடித்துக்கொண்டு தாளின் இன்னொரு வரியில் விரலை வைத்தாள். "மார்ச் பதினொண்ணு, கோயம்புத்தூர். நீங்க ஆஸ்பத்திரி போய்ச் சேந்தப்போ மணி பத்து இருபது. எட்டு மணி ஷிப்ட்டுக்கு வந்த ரெண்டு பேஷன்ட்டு அது வரைக்கும் பெஞ்சுலயே இருந்தாங்கன்னு எழுதி அனுப்பியிருக்காங்க."

ஓஸ்வால்ட் அந்த வரியைப் படித்துப் பார்த்தார். அந்த இரண்டு பேரையும் அவருக்கு முகம் தெரியும்.

"முப்பதாம் தேதி வரைக்கும் டைம் குடுங்க மேடம். அன்னிக்குக் கண்டிப்பா சொல்லிடறேன்."

"ஏன், முப்பதாம் தேதிக்குள்ள சாரிகா திருந்திடுமா?"

"அதுக்குள்ள எனக்கு ஒரு வேலை இருக்கு" என்றார்.

அது என்ன வேலை என்பது அவர் மனைவி டோரீனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பதால் அலுவலகத்தில் அவர் வாயைத் திறந்ததில்லை.

விஷயம் 2014ஆம் வருடம், சௌம்யா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தொடங்கியது. சாரிகாவில் உறுப்பினர் ஆவதற்கு அவள் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயருக்கு இரண்டு கட்டம் இருந்தது. முதல் கட்டத்தில் ஓஸ்வால்ட் என்று அடித்தாள். இரண்டாவது குடும்பப் பெயர். நம் ஆட்களுக்கு அது ஏது? அவருடைய அடையாள அட்டையில் இருந்தபடி 'எம்' என்று ஒரே ஓர் எழுத்தைப் போட்டாள். கட்டம் சிவந்து, இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று அடம் பிடித்தது.

"சார், எம்-முன்னா என்ன?"

"எங்க அப்பா பேரு. மதலைமுத்து."

"ஸ்பெல்லிங் சொல்லுங்க."

அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். கட்டம் சமாதானம் ஆயிற்று. அதோடு அதை இருவரும் மறந்துபோனார்கள். இரண்டு வருடத்தில், அடிக்கடி பறக்கிறவர்களுக்குச் சாரிகா கொடுக்கும் தங்க அட்டை அவருக்கு வந்தது. தங்க அட்டைக்காரர்களையும் அவர்களோடு சேர்த்து டிக்கெட் போட்டு வருகிறவர்களையும் பெயர் சொல்லி வரவேற்பது சாரிகாவின் வழக்கம். 2016 செப்டம்பரில் ஒருநாள் மூன்றாம் வரிசையில் அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பணிப்பெண் வந்து குனிந்து, "வெல்கம் மிஸ்டர் மதலைமுத்து" என்றாள். ஓஸ்வால்ட் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பா எப்படி இங்கே வந்தார் என்றுதான் முதலில் தோன்றிற்று. அப்பா அந்த நேரம் ஜீவனஹள்ளியில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அப்பா மதலைமுத்து கோலார் தங்க வயலில் 1967 முதல் 2001 வரை, முப்பத்து நான்கு வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். அங்கே அவர் பெயர் 2816. டோக்கன் கொடுக்கிற குமாஸ்தா முதல் ஆஸ்பத்திரி டாக்டர் வரை அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சுரங்கத்தை மூடியதும் மகனோடு பெங்களூருக்கு வந்தார். இங்கே தெருவில் அவர் 'ஓஸ்வால்டு அப்பா'. வீட்டில் நைனா, மாமா, தாத்தா. மதலைமுத்து என்ற முழுப் பெயரை யாராவது வாயால் சொல்லி அவரைக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்பது அவருக்கே தெரியாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள், முப்பதாயிரம் அடி உயரத்தில், அழுத்திச் சீவிய கொண்டையோடு ஒரு பெண் அந்தப் பெயருக்கு மிஸ்டர் போட்டு, காப்பியா டீயா என்று கேட்கிறாள். இதை விட்டுவிட்டு, '14சி, தண்ணி கேட்டீங்களா' என்று சீட் நம்பரைச் சொல்லிக் கூப்பிடும் ஜிப்பிளையில் போக ஓஸ்வால்டுக்கு மனம் வரவில்லை.

அதை அப்பாவும் ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும். அதுதான் அவர் சொன்ன வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டால் கம்பெனி சாரிகாவில் டிக்கெட் எடுக்காது. பயணம் குறைந்தால் தங்க அட்டை போய்விடும். அட்டை போனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் போய்விடும்.

நல்லவேளையாக ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை, சென்னை பெரம்பூரில் தங்கை ஆஞ்சலாவின் பேரனுக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் பேச்சு நடந்த திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதே ஓஸ்வால்ட் பேச்சை எடுத்தார்.

"நைனா, ஆஞ்சலா வீட்டுக்கு இந்த வாட்டி பிளேன்ல போலாம்."

மதலைமுத்துவுக்கு எழுபத்தொன்பது முடியப் போகிறது. டோரீன் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். "இது இன்னாமா, தண்ணியில டிகாஷன் காட்டினியா? மாத்திப் போடு." டோரீன் அதை எடுத்துப் போனாள். இது தினமும் நடப்பது. முதல் டம்ளர் திரும்பி வரும் என்று தெரிந்து, இரண்டாவது டம்ளரை அவள் ஏற்கனவே போட்டு வைத்திருப்பாள்.

"ரயிலுக்கு இன்னா வந்துச்சு?" என்றார் அவர்.

"ஆறு மணி நேரம் ஒக்காந்தா உங்க முட்டி இன்னா ஆவும்? போன தடவை ஆஞ்சலா வீட்டுல ரெண்டு நாள் படுத்துனு இருந்தீங்களே."

"அதுக்காவ ஆகாசத்துல போணுமா?"

டோரீன் இரண்டாவது டம்ளரோடு வந்தாள். "மாமா, அங்க உங்க பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. இவரு எத்தினி வாட்டி சொல்லியிருக்காரு."

"பிளேன்ல எம் பேர எதுக்குமா கூப்புடறாங்க? நான் இன்னா, தேடப்படற ஆளா?"

"மிஸ்டர் மதலைமுத்துன்னு கூப்புடுவாங்க நைனா. குனிஞ்சி, மெதுவா."

"மிஸ்டரா?"

"ஆமா."

மதலைமுத்து காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "சரி, வரேன். ஆனா எங்காதால கேக்கணும். கேக்கலன்னா திரும்பி வரப்போ நான் ரயில்லதான் வருவேன். நீ வேணா பறந்துனு வா" என்றார்.

ஜூன் 28, சனிக்கிழமை. விமானம் காலை 9.25க்கு. ஆறே காலுக்கு வாடகைக் கார் வந்துவிட்டது. அப்பாவும் மகனும் இரண்டு நாளில் போய்விட்டு வரட்டும் என்று டோரீன் வீட்டில் தங்கிவிட்டாள். மதலைமுத்து வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் போட்டு, முகத்தை இரண்டு முறை மழித்திருந்தார். விமான நிலைய வாசலில் துப்பாக்கியோடு நின்ற ஒடிசாக்காரக் காவலர் இரண்டு டிக்கெட்டையும் இரண்டு ஆதார் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு டிக்கெட்டில் கடைசியில் இருந்த பெயர் இன்னொன்றில் முதலில் இருந்தது. இதில் யார் யார் என்று ஹிந்தியில் கேட்டார். ஓஸ்வால்ட், இவர் அப்பா, நான் மகன் என்று விளக்கினார். காவலர் தலையை ஆட்டி உள்ளே விட்டார். அந்த இடத்திலேயே ஓஸ்வால்டுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

விமானம் நாற்பது நிமிடம் தாமதம் என்று பலகையில் போட்டார்கள்.

"ரயில்னா இந்நேரம் பங்காரப்பேட்டை தாண்டியிருப்போம்" என்றார் மதலைமுத்து.

"கொஞ்சம் பொறுங்க நைனா."

"பொறுத்துனுதான் கீறேன். எங்க, எம் பேரக் காணோம்?"

"உள்ள போனதும் நைனா."

ஒன்பது நாற்பதுக்கு விமானத்துக்குள் போனார்கள். அப்பாவுக்கு ஜன்னல் ஓரம் 3ஏ. ஓஸ்வால்ட் 3பி. பக்கத்துச் சீட் காலி. பெல்ட்டை மாட்டிவிட்டு ஓஸ்வால்ட் நடைபாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்லகாலம், அன்றைக்குப் பணியில் இருந்தது கிருத்திகா. கோயம்புத்தூர்க்காரி. அவரை நன்றாகத் தெரிந்தவள். கையில் பட்டியலோடு வந்தாள். மதலைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"குட் மார்னிங் மிஸ்டர் மதலைமுத்து. வெல்கம் பேக்."

பெயர் வந்துவிட்டது. ஆனால் அவள் கண்கள் ஓஸ்வால்டின் மேல் இருந்தன. பதில் சொல்லத் திறந்த மதலைமுத்துவின் வாய் திறந்தபடி நின்றது. கிருத்திகா பட்டியலை ஒரு முறை பார்த்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் திரும்பி இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"வெல்கம் ஆன் போர்ட், மிஸ்டர் அருளப்பன்."

மதலைமுத்து பின்னால் திரும்பிப் பார்த்தார். நான்காம் வரிசையில் ஒரு அம்மாள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"யாரம்மா கூப்புடறே?"

"உங்களைத்தான் சார். மிஸ்டர் அருளப்பன்."

"அருளப்பன் செத்து நாப்பத்தியாறு வருஷம் ஆவுதேம்மா."

கிருத்திகாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பட்டியலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்ப இந்த டிக்கெட்ல வந்திருக்கறது யாருங்க?"

"எங்க அப்பாதாம்மா" என்று ஓஸ்வால்ட் அவசரமாகக் குறுக்கிட்டார். "அவர் பேருதான் மதலைமுத்து. அருளப்பன் எங்க தாத்தா."

"அப்ப நீங்க யாரு சார்?"

"நான் ஓஸ்வால்ட்."

"இத்தனை நாளா உங்களை மதலைமுத்து சார்னுதான நாங்க கூப்பிட்டுட்டு இருக்கோம்?"

"ஆமாம்மா."

"ஒரு தடவை கூட நீங்க சொல்லலையே சார்."

ஓஸ்வால்ட் அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டார். மகனுக்கு இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயர். அப்பாவுக்கு இரண்டாவது கட்டத்தில் தாத்தா பெயர். சாரிகா எப்போதும் இரண்டாவது கட்டத்தைப் பார்த்துத்தான் கூப்பிடும். ஆக, இந்த விமானத்தில் மகன் வந்தால் அப்பா பெயரும் அப்பா வந்தால் தாத்தா பெயரும்தான் கேட்கும். மதலைமுத்துவை மதலைமுத்து என்று கூப்பிட எந்தக் காலத்திலும் வழியே இல்லை. ஆயிரம் போர்டிங் பாஸ் பார்த்தவருக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை.

தாழ்ந்த குரலில், "ஏம்மா, ஒரே ஒரு தடவை அவரைப் பாத்து மிஸ்டர் மதலைமுத்துன்னு சொல்லிடேன்" என்றார்.

"விடுடா" என்றார் மதலைமுத்து. "கேட்டு வாங்கற மரியாதை எனக்கு வேணாம்."

கிருத்திகா அடுத்த வரிசைக்குப் போனாள். ஓஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டார். விமானம் ஓடிக் கிளம்பியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு அது மேலே ஏறியபோது, ஜன்னலில் கண் வைத்திருந்த மதலைமுத்து, "சொரங்கத்துல கேஜு, அதான் லிஃப்டு, கீழ எறங்கறது இதவிட வேகம். வயிறு தொண்டைக்கு வந்துடும். இது சும்மா, பஸ்ஸு மாரி கீது" என்றார். கோபத்தில் பேசுகிறாரா சாதாரணமாகப் பேசுகிறாரா என்று ஓஸ்வால்டுக்குத் தெரியவில்லை.

இருபது நிமிடம் கழித்து கிருத்திகா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மதலைமுத்துவுக்கு ஒரு கோப்பைக் காப்பியைக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? உங்க பேரை நான் இன்னிக்குத் தப்பாக் கூப்பிட்டுட்டேன். ஆனா அந்தப் பேர் எங்க கம்பெனியில எல்லாருக்கும் தெரியும்."

"எந்தப் பேரு?"

"மதலைமுத்து. போன வருஷம் நவம்பர்ல சென்னையில மழை. இங்க பெங்களூர்லயே ஃபிளைட்டை மூணு மணி நேரம் தரையில நிறுத்தி வெச்சுட்டாங்க. நான் வேலைக்குச் சேந்து ரெண்டாவது மாசம். எல்லாரும் கத்தறாங்க. நூத்தெழுபது பேரும் தண்ணி குடு, தண்ணி குடுன்னு கேக்கறாங்க. இவர் ஒருத்தர்தான் என்னைப் பாத்து, 'நீ தண்ணி குடிச்சியாம்மா'ன்னு கேட்டார். அப்புறம் எந்திரிச்சு நின்னு, 'இந்தப் பொண்ணா மழைய வரச் சொன்னா? ஒக்காருங்கப்பா'ன்னு சொன்னார். அன்னிக்கு ராத்திரி நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். மதலைமுத்து சார் இருந்ததால தப்பிச்சோம்னு."

மதலைமுத்து மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லவே இல்லியே?"

"இதுல இன்னா நைனா இருக்கு."

"அப்பறம்?" என்று கிருத்திகாவைக் கேட்டார் அவர். "வேற இன்னா பண்ணான், அந்த மதலைமுத்து?"

"வயசானவங்க வந்தா அவர் சீட்டை விட்டுக் குடுப்பார் சார். போகும்போது பெல்ட்டை மடிச்சு வெச்சுட்டுத்தான் எந்திரிப்பார். மூணாவது வரிசையில மதலைமுத்துன்னு லிஸ்ட்ல பாத்தா எங்களுக்கு நிம்மதி."

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

"எதை சார்?"

"கடைசியா சொன்னியே, அத."

"மூணாவது வரிசையில மதலைமுத்துன்னு பாத்தா எங்களுக்கு நிம்மதி சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள். மதலைமுத்து கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். ஓஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டார். சாரிகாவின் காப்பி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். டோரீனின் முதல் டம்ளர் அதற்குப் பத்து மடங்கு தேவலை. இப்போது சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அப்பா கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"காப்பி நல்லா இருந்துச்சா நைனா?"

"கண்றாவியா இருந்துச்சு."

"ஒண்ணும் சொல்லலியே?"

"எப்படிடா சொல்றது?" மதலைமுத்து அவர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "நான் இங்க எங்கப்பா பேருல ஒக்காந்துனு கீறேன். காப்பி சரியில்லன்னு கத்துனா, பாத்தியா அருளப்பன் புத்தியன்னு சொல்லிடுவாங்க. உங்க தாத்தாவ உனக்குத் தெரியாது. சாராயக் கடையில தினம் ஒரு சண்டை. அவர அருளப்பன்னு முழுப் பேரு சொல்லிக் கூப்புட்டது போலீஸ்காரங்க மட்டும்தான். இன்னிக்குத்தான் அவரு மொத வாட்டி மிஸ்டர் போட்டு ஒரு எடத்துல அடக்கமா ஒக்காந்துனு போறாரு. நானே கெடுப்பனா?"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். ஓஸ்வால்டுக்கும் அடக்க முடியவில்லை. நான்காம் வரிசை அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் மதலைமுத்து கேட்டார். "மூணு மணி நேரம் நின்னுச்சுன்னு சொன்னாளே. அன்னிக்கு நீ மிஷின் பாக்கத்தான போனே?"

"ஆமா நைனா."

"அது வரைக்கும் அந்த ஜனங்க?"

"காத்துனு இருந்தாங்க."

"இன்னிக்கும் நாப்பது நிமிஷம் லேட்டு. உங்க ஆபீஸ்ல மத்தவங்க போற பிளேனு?"

"அது கரெக்டா போவும்."

"அப்ப எம் பேரக் கேக்கறதுக்காவவா நீ இதுல போய்கினு கீறே?"

ஓஸ்வால்ட் தலையை ஆட்டினார். மதலைமுத்து திட்டவில்லை. மகனின் முழங்கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "எம் பேரு நல்லாத்தான் கீது. கேட்டாச்சு. நீ போயி வேலையப் பாரு" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொன்று இருபதுக்குச் சென்னையில் இறங்கினார்கள். வாசலில் நின்ற கிருத்திகா, "தேங்க் யூ மிஸ்டர் அருளப்பன்" என்றாள். மதலைமுத்து கை கூப்பி, "சொல்றேம்மா, அவருகிட்ட" என்றார். ஆஞ்சலா வெளியே காத்திருந்தாள். "பயமா இருந்துச்சா நைனா?" என்று கேட்டாள். "எனக்கு இன்னா பயம்? உங்க தாத்தாவ நெனச்சாதான் கொஞ்சம் பயமா இருந்துச்சு. நல்ல வேளை, ஒழுங்கா வந்துட்டாரு" என்றார் அவர். ஆஞ்சலா அண்ணனைப் பார்த்தாள். அந்தக் கதையைச் சொல்லி முடிக்கப் பெரம்பூர் வரை ஆயிற்று. மறுநாள் சர்ச்சில் ஞானஸ்நானம் முடிந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த நாற்பது பேருக்கும் மதலைமுத்துவே அதை மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் நவம்பர் மழை கொஞ்சம் பலமாகப் பெய்தது.

"திரும்பிப் போறதுக்கு ரயில் டிக்கெட் பாக்கட்டுமா நைனா?" என்று சாயங்காலம் ஓஸ்வால்ட் கேட்டார்.

"இன்னாத்துக்கு?" என்றார் அவர்.

திங்கட்கிழமை, ஜூன் 30, காலை ஒன்பது ஐம்பதுக்கு ஓஸ்வால்ட் அலுவலகத்துக்கு வந்ததும் நேராக சௌம்யாவின் மேஜைக்குப் போய், தாளை வாங்கி ஐந்தாவது கையெழுத்தைப் போட்டார். சௌம்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷ்ரேயாஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்துவிட்டான்.

"ஏன் சார், உப்பிட்டு தீர்ந்துபோச்சா?"

"வேலை முடிஞ்சிடுச்சுடா."

"என்ன வேலை சார்?"

"சாரிகாவுல ஒரு சின்ன வேலை இருந்துச்சு. முடிஞ்சிடுச்சு."

சௌம்யா கம்ப்யூட்டரைத் திறந்தாள். "சார், ஏர்லைன் மாத்தறதுக்குக் காரணம் கேக்குது. வேலை முடிஞ்சிடுச்சுன்னெல்லாம் போட முடியாது. நாலு காரணம்தான் குடுத்திருக்காங்க. சாப்பாடு, இருக்கை, கட்டணம், நேரம். எதைப் போடட்டும்?"

ஓஸ்வால்ட் திரையில் அந்த நான்கையும் படித்தார்.

"நேரம்னே போடுங்க மேடம்" என்றார். "அதுதான் உண்மை."

புதன்கிழமை, ஜூலை 2, கோயம்புத்தூரில் ஒரு மிஷினின் பம்ப் நின்றுபோனதாக முந்தின நாள் செய்தி வந்திருந்ததால், அவர் முதல் விமானத்தில் கிளம்பினார். ஜிப்பிளை நான்கு நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது. டூல் பாக்ஸ் ஒன்பதாவது நிமிடம் பெல்ட்டில் வந்தது. ஏழு ஐம்பதுக்கு பம்ப் ஓடியது. எட்டு மணி ஷிப்ட்டுக்கு வந்த பெரியவர், பெஞ்சில் உட்காரப் போனவர், "அதுக்குள்ளயா?" என்று கேட்டபடி எழுந்து உள்ளே வந்தார்.